முன்பள்ளித் தேர்வும் ஆசிரியை பணியும்

ஐந்து வயதளவில் முதலாந் தரம் புகுமுன் குழந்தை பயிலுமிடம் முன்பள்ளியாகும். அதனைத் தேரும் பெற்றோருட் பலர், எழுத்து எத்துணை விரைவிற் கற்பிக்கப்படும் என்றே வினவுவர். 1907இல் உரோமையிற் குழந்தைகள் இல்லம் நிறுவி, 1939இல் சென்னை அடையாற்றுக்குப் போந்த மரியா மொண்டிசோரி அம்மையாரோ, கையும் புலனும் முதலிற் பயிலல் வேண்டுமென்றார். ஆகவே ஆசிரியையின் தலையாய பணி குழந்தையை உற்றுநோக்கலே. பெற்றோரும் வகுப்பிற் சிறிது நேரம் அமர்ந்து இதனையே காணல் வேண்டும். சுவரிலுள்ள வண்ணப் படங்கள் எதனையும் உணர்த்தா.

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலோ வழியையும் நோக்குதல் வேண்டும். பாலப்பணி நடைபெற்றுவந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று அங்கே படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குச் சென்ற சிறாரும் மாண்டனர். துறையின் காவல் ஆள்வோர் கடன். அதனை ஆசிரியைமேற் சுமத்தலாகாது. எனினும், காலையில் வாராத குழந்தை எதுவென முதலில் அறிபவர் அவரே. ஆதலின் வருகைக் குறிப்பை நாள் தொடக்கத்திலேயே எழுதி, வாராதார் இல்லத்துக்கு உடன் செய்தி விடுத்தலும் அவர் பணியேயாம்.