மியூசியத்தில் முதலில் ஓடிய படம்!

சினிமாவை எங்கே பார்ப்போம்? கொட்டகையில் பார்ப்போம்.

காரியாபட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு காலத்தில் சினிமா என்றால் டூரிங் கொட்டகைதான். மணலைக் குவித்து அதன் மேல் உட்காருவார்கள். புரொஜக்டர் ஒன்றே ஒன்று. சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்குத் தட்டோடு பையன் உள்ளே வருவான்.

மியூசியத்தில் யாராவது சினிமா பார்ப்பார்களா? சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு மக்கள் வைத்த பெயரே "செத்த காலேஜ்". எலும்புக்கூடும் பழைய சிலையும் இருக்கிற இடம். அங்கே சினிமாவுக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற இந்தியப் படம் ஒன்று முதன்முதலாக ஓடியது கொட்டகையில் அல்ல, ஒரு மியூசியத்தில். அதுவும் நியூயார்க் நகரில்!

அந்தப் படம் "பதேர் பாஞ்சாலி". எடுத்தவர் சத்யஜித் ரே.

நகை அடகுக்குப் போனது

ரே கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தார். 1950-ல் கம்பெனி வேலையாக லண்டன் போனார். அங்கே "சைக்கிள் திருடர்கள்" என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். தொழில் நடிகர் அல்லாதவர்களை வைத்துத் தெருவிலேயே எடுத்த படம் அது. "நாமும் இப்படி எடுக்கலாமே!" என்று தோன்றியது.

1952 அக்டோபர் 27-ந் தேதி படப்பிடிப்பு தொடங்கியது. அக்காள் துர்க்காவும் தம்பி அப்புவும் வெள்ளை வெளேர் என்று பூத்த நாணல் காட்டில் ஓடுகிற காட்சி. பாதி எடுத்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மீதியை எடுக்க அடுத்த பருவத்துப் பூவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பூவாவது மறுபடி பூக்கும். பணம்? ரே தமது இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். மனைவியின் நகையும் அடகுக்குப் போனது. அப்படியும் படம் மாதக்கணக்கில் நின்றது. கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது 80-ஐ ஒட்டி இருக்கும். பையனின் குரல் உடையாமல், பெண் வளர்ந்துவிடாமல், கிழவி சாகாமல் இருந்ததே அதிசயம் என்று ரே பின்னாளில் சொன்னார்.

கடைசியில் மேற்கு வங்காள அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயருக்குப் "பாதையின் பாட்டு" என்று அர்த்தம். அதனால் சாலை போடுகிற கணக்கில் பணத்தை எழுதினார்களாம்!

சேலையும் சலங்கையும்

1954-ல் நியூயார்க் நவீன கலை மியூசியத்தின் அதிகாரி மன்ரோ வீலர் கல்கத்தா வந்தார். இந்தியத் துணிமணிகளுக்குக் கண்காட்சி நடத்த அந்த மியூசியம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ரேயின் படத்துப் போட்டோக்கள் சில அவர் கண்ணில் பட்டன. "கண்காட்சிக்குள் படத்தை முடித்துத் தர முடியுமா?" என்று கேட்டார். பிறகு ஹாலிவுட் டைரக்டர் ஜான் ஹூஸ்டன் கல்கத்தா வந்தபோது, முடிந்த வரையில் போட்டுப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னார்.

1955 ஏப்ரலில் கண்காட்சி திறந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வரிசையாகச் சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அலி அக்பர் கான் சரோடு வாசித்தார். சதுர்லால் தபலா. சபைக்கு அவர்களை அறிமுகம் செய்தவர் பிடில் மேதை யெஹுதி மெனுஹின். சாந்தா ராவ் பரத நாட்டியம் ஆடினார். அவருக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவர் நம்முடைய பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தஞ்சாவூர் ஜதி நியூயார்க் வரை போய்விட்டது!

கல்கத்தாவிலோ ரேக்குத் தூக்கம் இல்லை. ரவிசங்கர் ஒரே இரவில் உட்கார்ந்து இசையை முடித்தார். இரவு பகலாகப் படத்தை வெட்டி ஒட்டினார்கள். அடியில் ஆங்கில எழுத்துப் போட நேரம் இல்லை. அப்படியே அனுப்பினார்கள்.

1955 மே 3-ந் தேதி படம் ஓடியது. பார்த்தவர்களுக்கு வங்காளி தெரியாது. படத்தை எடுத்தவரும் அங்கே இல்லை. பாராட்டித் தந்திதான் கல்கத்தாவுக்கு வந்தது. ஆகஸ்டு 26-ல் கல்கத்தாவில் வெளியானபோது முதலில் கூட்டம் இல்லை. பார்த்தவர் சொல்லக் கேட்டு மற்றவர் வந்தார்கள். பிறகு டிக்கெட் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. 1956-ல் பிரான்சு நாட்டின் கான் பட விழாவில் பரிசு கிடைத்தது.

நெருப்பு

கதை அதோடு முடியவில்லை.

பழைய பிலிம் எதில் செய்தது, தெரியுமா? பஞ்சில்! பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து தயாரித்தார்கள். வெடிப் பஞ்சுக்கு அது பங்காளி. பற்றிக்கொண்டால் தண்ணீரிலும் அணையாது. சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1992-ல் ரே காலமானார். அவர் படங்களைப் புதுப்பிக்க நெகடிவ்களை லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். 1993-ல் அங்கே பழைய பிலிம்கள் தீப்பற்றின. ரேயின் நெகடிவ்களும் அதில் சிக்கின.

கருகிய சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்காவில், ஆஸ்கார் பரிசு வழங்கும் அகாடமியின் காப்பகத்தில் வைத்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அவை இத்தாலி நாட்டுப் பொலோனா நகருக்குப் போயின. முறுகிப்போன பிலிமை மருந்தில் ஊறவைத்து, கையால் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து ஒட்டினார்கள். எரிந்துபோன பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து படம் எடுத்துச் சேர்த்தார்கள்.

நம்முடைய முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" 1931-ல் வந்தது. அதை இப்படி ஒட்டிப் பார்க்கலாம் என்றால் கருகிய சுருள்கூட இல்லை. நியூயார்க் மியூசியம் 1935-லேயே பிலிம்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது 1964-ல்தான்.

செப்பனிட்ட "பதேர் பாஞ்சாலி" முதலில் காட்டப்பட்டது எங்கே? அதே நியூயார்க் மியூசியத்தில். தேதி 2015 மே 4. அங்கே அது முதன்முதல் ஓடி 60 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது.