வார்ட்டில் படுக்காத பிள்ளைக்கு யார் பணம் கட்டுவது?

மருத்துவக் காப்புறுதிப் பணம் கேட்டு நிரப்பும் படிவத்தில் வைத்தியசாலையில் அனுமதித்த திகதிக்கு ஒரு கட்டம் இருக்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட திகதிக்கு இன்னொரு கட்டம். வார்ட் இலக்கம் கேட்பார்கள். டயக்னோசிஸ் காட்டின் பிரதியை இணைக்கச் சொல்வார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் இந்தப் படிவத்தோடு உட்கார்ந்தால் முதல் கட்டத்திலேயே பேனை நின்றுவிடும். அவளுடைய பிள்ளை எந்த வார்ட்டிலும் படுக்கவில்லை. ஊசி, சேலைன், ஒப்பரேஷன் எதுவும் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வருடக்கணக்காக, ஒரு சிகிச்சையாளருக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து விளையாடப் பழகுவதுதான் அவனுக்கான வைத்தியம்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் சாம்பல்தீவு. கடலும் களப்பும் அணைத்துக் கிடக்கும் ஊர். சல்லி முத்துமாரி அம்மன் கோயிலால் வெளியூரார் அறிந்த ஊர். கடற்றொழில், தோட்டம், மேசன் வேலை, ஹோட்டல் வேலை, துறைமுக வேலை, அரசாங்க உத்தியோகம் என்று குடும்பங்கள் பல விதமாக உழைத்துச் சாப்பிடுகின்றன. தோணிக்காரரின் பிள்ளைக்கும் ஆசிரியையின் பிள்ளைக்கும் ஓட்டிசம் ஒரே மாதிரித்தான் வருகிறது. காப்புறுதி மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பலருக்கு அது இல்லவே இல்லை.

சிகிச்சை என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, தண்ணீர் வேண்டுமென்றால் கேட்பதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதுமில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குவளையின் மேல் வைக்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சுச் சிகிச்சையாளர் அந்தக் குவளையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளையின் பார்வை ஒரு கணம் குவளையிலிருந்து அவர் கண்ணுக்கு ஏறியதும் “தண்ணி” என்று சொல்லி உடனே ஒரு மிடறு கொடுப்பார். மறுபடி குவளை மேலே போகும், மறுபடி காத்திருப்பார். முக்கால் மணி நேரத்தில் இது எத்தனையோ தடவை நடக்கும். பக்கத்தில் இருந்து பார்க்கும் தாய் இதையே வீட்டில் சோற்றுக்கும் பந்துக்கும் பிஸ்கட்டுக்கும் செய்ய வேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் போனால் கரண்டி பிடிக்கவும், சட்டைப் பொத்தான் போடவும், மிக்சர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல் இருக்கவும் பழக்குவார். இவற்றில் எதற்கும் கட்டில் தேவையில்லை. தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஓர் ஆளின் நேரம். அந்த நேரத்தைக் காப்புறுதிக்காரர்கள் ‘வெளிநோயாளர் செலவு’ என்ற கணக்கில் போடுகிறார்கள். பெற்றோரின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் நாட்டில் தனியார் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் இரண்டு வழிகளில் வீட்டுக்குள் வருகிறது. ஒன்று, ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிக்கொண்டு வரும் மேலதிகப் பாதுகாப்பு: வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு ரூபாய், சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு, பாரிய நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்று வந்தால் இவ்வளவு என்பதாக இருக்கும். மற்றது, வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் குழுக் காப்புறுதி. முதல் வகையில் ஓட்டிசச் சிகிச்சைக்குப் பணம் கிடைப்பது அரிது. இரண்டாவதில் வெளிநோயாளர் செலவுக்கென்று வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தால், அதற்குள் ரசீது கொடுத்து ஒரு பகுதியையாவது எடுக்க இடமிருக்கலாம். கணவனோ மனைவியோ தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் குழு ஒப்பந்தத்தைத்தான். ‘வைத்தியரின் பரிந்துரையின் பேரில் பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை சேருமா?’ என்று கடிதமாகக் கேளுங்கள். பதிலையும் கடிதமாக வாங்குங்கள்.

காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்து, “அக்கா, பிள்ளைக்கும் சேர்த்து எல்லாம் கவராகும்” என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது டெங்குக் காய்ச்சலும் கை முறிவும். “தம்பி, எது எது கவராகாது எண்டு எழுதின பக்கத்தக் காட்டுங்கோ” என்று கேட்க வேண்டும். விலக்குகள் என்ற தலைப்பில் இருக்கும் அந்தப் பக்கம்தான் ஒப்பந்தத்தின் உயிர். பிறவிக் குறைபாடுகள், வளர்ச்சிக் கோளாறுகள், உளநோய்கள், காப்புறுதி தொடங்க முன்னரே இருந்த நோய்கள் என்று நான்கு சொற்றொடர்கள் அங்கே பொதுவாக இருக்கும். ஓட்டிசத்தை இவற்றில் எதற்குள் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். பிறவியிலேயே உள்ளது என்று ஒரு நிறுவனம் மறுக்கும், உளநோய் என்று இன்னொன்று மறுக்கும். உண்மையில் அது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. அதை இன்ன வகை என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாதவரை பிள்ளைக்கு நட்டம்தான்.

இதைக் கண்ட சிலர் பிள்ளையின் நிலையை மறைத்துவிட்டுக் காப்புறுதி எடுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தெரிந்த நோயை மறைத்தது பின்னால் தெரியவந்தால் ஒப்பந்தமே செல்லுபடியாகாமல் போகலாம். பிறகு உண்மையாகவே வலிப்பு வந்து வார்ட்டில் படுக்க நேர்ந்தாலும் பணம் வராது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. உண்மையைச் சொல்லி எடுத்த காப்புறுதி அந்த நாளில் கைகொடுக்கும். நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்று தோன்றினால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். நிறுவனங்களைக் கண்காணிக்க இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

அரச ஊழியருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. ஆசிரியை, தாதி, எழுதுவினைஞர் என்று சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள்; தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதை நடத்துகிறது. குடும்பத்தாருக்கும் சேர்த்து வைத்தியசாலைச் செலவு, சத்திரசிகிச்சை, பிரசவம், மூக்குக் கண்ணாடி என்று அதில் பலன் உண்டு. மூக்குக் கண்ணாடிக்குத் தனித் தலைப்பு இருக்கும் ஒரு திட்டத்தில், பேசாத பிள்ளையைப் பேசவைக்கும் சிகிச்சைக்கும் ஒரு தலைப்பு திறக்கலாம்தானே! பார்வை மங்கிய கண்ணும் வார்ட்டில் படுப்பதில்லை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் சுரக்ஷா காப்புறுதி வந்தது. நோய், விபத்து, பெற்றோரின் இழப்பு ஆகியவற்றுக்கு உதவும் நல்ல திட்டம். ஆனால் பிள்ளை பாடசாலையில் சேர்ந்த பிறகுதான் அது தொடங்குகிறது. ஓட்டிசத்தில் சிகிச்சை அதிகம் பலன் தரும் காலம் அதற்கு முன்னாலேயே, இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், கழிந்துவிடுகிறது. பேச்சு வராத காரணத்தால் பாடசாலையே சேர்க்கத் தயங்கும் பிள்ளைக்கு மாணவர் காப்புறுதி எந்த நாளில் கிடைக்கப்போகிறது?

“கனடாவில எல்லாம் இன்சூரன்ஸ்தானாம்” என்று ஒரு பேச்சு எங்கள் ஊர்களில் உண்டு. பெரியம்மா மகன் ஸ்காபுரோவிலிருந்து போனில் சொல்லியிருப்பார். அங்கேயும் கதை அவ்வளவு நேரானதில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி ஓட்டிசத்துக்கான நடத்தைச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை. அதற்கென்று தனியாக ஓட்டிசத் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் நீண்ட காத்திருப்புப் பட்டியல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெற்றோர் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2004 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்க மருத்துவக் காப்புறுதிச் சட்டம் மாகாணத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பு. அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். 2001இல் இண்டியானா மாநிலம் ஓட்டிசச் சிகிச்சையைக் காப்புறுதியில் சேர்க்கச் சட்டம் போட்டது. பெற்றோர் ஒவ்வொரு மாநிலமாக வாதாடி, 2019 அளவில் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அந்தக் கட்டாயம் வந்துவிட்டது. அங்கே இது தானாக வரவில்லை. பெற்றோர் கேட்டுப் பெற்றார்கள்.

பக்கத்து இந்தியாவில் உள்ள நிராமயா திட்டத்தை எங்கள் அதிகாரிகள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஓட்டிசம், மூளைவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் இந்திய ரூபாய் வரை பாதுகாப்பு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வெளிநோயாளர் செலவுக்கும் தொடர் சிகிச்சைக்கும் தனித்தனியே ஒதுக்கீடு இருக்கிறது. தொகை பெரிதில்லை, நகரத்துத் தனியார் நிலையத்தில் சில மாதங்களுக்குக்கூடக் காணாது. ஆனால் வார்ட்டில் படுக்காத சிகிச்சையும் சிகிச்சைதான் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த ஒப்புதல்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் எண்ணத்தைத் திறந்து சொல்கிறேன். சாம்பல்தீவுப் பிள்ளைக்குப் பெரிய காப்புறுதி இப்போதும் இலங்கையின் இலவச மருத்துவம்தான். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கட்டணம் இல்லை. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் அயதி நிலையம் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்டது. கொழும்பு லேடி ரிஜ்வே வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான உளமருத்துவப் பிரிவு உண்டு. ஆனால் இரவு பஸ்ஸில் பிள்ளையோடு கொழும்புக்குப் போய், ஒரு மணி நேரச் சிகிச்சைக்கு இரண்டு நாள் கூலியை இழந்து திரும்புவதை எந்தக் குடும்பத்தால் வாராவாரம் செய்ய முடியும்? பஸ் காசுக்கும் இழந்த கூலிக்கும் எந்தக் காப்புறுதியும் இல்லை.

அங்கே போனாலும் மொழி ஒரு சுவர். பேச்சுச் சிகிச்சையைப் பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியில் கொடுக்க வேண்டும். தமிழில் சிகிச்சை கொடுக்கக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. காப்புறுதி நாளைக்கே பணம் கொடுக்கத் தொடங்கினாலும் அந்தப் பணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? ஆகவே அக்ரஹாரவில் ஒரு தலைப்பைக் கேட்கும்போதே, எங்கள் மாவட்டத்துக்குத் தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் கேட்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு பேச்சுச் சிகிச்சைக்கு ஒரு பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில் இருப்பதை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் டொக்டராகத்தான் வேண்டும் என்றில்லை.

ஓட்டிசத்தைக் கண்டுபிடிப்பதே பிந்துகிறது என்பது இன்னொரு துயரம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான 374 பிள்ளைகளைப் பார்த்தபோது 4 பேருக்கு ஓட்டிசம் இருந்தது. 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. வெளிநாட்டில் பெயர்பெற்ற கேள்விக்கொத்து ஒன்றைத் தாய்மாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது பிடித்தது கால்வாசிப் பேரைத்தான். தாய்மாரில் பிழையில்லை. “அவங்கட அப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்” என்று சுற்றத்தார் சொல்லும் ஆறுதலுக்கு நடுவில்தான் அவர்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். பின்னர் அதே பேராசிரியர், எங்கள் நாட்டுத் தாய்மாருக்குப் புரியும்படி படங்களைக் கொண்டு ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்.

உறுதிசெய்யப்பட்ட பிள்ளைக்கு வைத்தியச் சான்றிதழ் கிடைத்ததும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள், விண்ணப்பிக்காமல் யாருக்கும் வராது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஸ்டெம்செல் ஏற்றினால் ஓட்டிசம் மாறிவிடும் என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குவோர் இருக்கிறார்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் ஓட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வளவை ஈடு வைத்து விமானம் ஏறவேண்டிய வைத்தியம் இது இல்லை.

ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், காப்புறுதி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வழி திறக்கும். அதற்குக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.