வேன் பிடிப்பதா, பஸ்ஸில் போவதா?

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ இரண்டொரு நாள் சுற்றிப்பார்க்கப் புறப்படும் குடும்பங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது வாகனத்தைத்தான். ஹயருக்கு ஒரு வேன் பிடிக்கலாம், பஸ்ஸிலும் ரயிலிலும் மாறி மாறிப் போகலாம், இரண்டையும் கலந்தும் போகலாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இப்படியான நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு, தங்குமிடம் உறவினர் வீடாக இருந்துவிட்டால், வாகனச் செலவுதான் பயணத்தின் பெருஞ்செலவு.

இந்த முடிவைப் பெரும்பாலும் தூரத்தை வைத்தே எடுக்கிறார்கள். கொழும்பு தூரம் என்பதால் வேன், கண்டி கிட்ட என்பதால் பஸ். கணக்கு பிசகுவது இங்கேதான். தூரத்தைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வந்து சேர்வது எப்படி? போய்ச் சேர்ந்த ஊருக்குள் அந்த வண்டிக்கு என்ன வேலை இருக்கிறது?

மாகாணத்தின் வீதிகள் இரண்டு பெரிய தடங்களாகப் பிரிகின்றன. கேகாலை நகரம் கொழும்பு–கண்டி வீதியில் இருக்கிறது. இலக்கம் 1 பஸ் பகல் முழுதும் ஓடுவதால் அங்கே வண்டிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ரம்புக்கனையில் ரயிலும் உண்டு. ஆனால் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி அந்த வீதியோரத்தில் இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புலத்கொஹுபிட்டிய என்று களனி கங்கையின் மேல்பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. அந்த மக்களில் பலருக்கு வெளியுலகத்தின் வாசல் கேகாலை அல்ல, அவிசாவளைதான். இரத்தினபுரிப் பக்கம் பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, றக்குவானைத் தோட்டங்களுக்கு ஏ4 வீதியே கதி. கொழும்பு–பதுளை 99ஆம் இலக்க பஸ் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக அந்த வீதியில்தான் போகிறது.

ரயில் ஒருகாலத்தில் இந்தத் தோட்டங்களின் காலடிவரை வந்தது. தேயிலையையும் இறப்பரையும் இறக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய பாதை எட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பக்கப் பாதையும் 1970களில் மூடப்பட்டது. மிச்சமிருந்தது 1990களில் அகலப் பாதையாகி, இன்று அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் இருப்பவர் ரயில் ஏற வேண்டுமானால் மாவட்டத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

வேன் பிடிப்பதற்கு வலுவான காரணம் தோட்டத்து ரோட்டில் இருக்கிறது. பல டிவிசன்களுக்கு நாளுக்கு ஓரிரு பஸ்தான் போகும். மழை பெய்து ரோடு கழன்றுவிட்டால் அதுவும் நின்றுவிடும். காலையில் நாலு கிலோமீற்றர் இறங்கி நடப்பது பையன்களுக்கு விளையாட்டு. மூட்டுவலிக்கார அம்மாயிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது பயணம் தொடங்கும் முன்னரே வந்த தண்டனை. திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். கொழும்பில் சாயங்காலம் ஏறினால் டவுனுக்கு வரும்போது தோட்டத்துக் கடைசி பஸ் போயிருக்கும். பிறகு ஓட்டோக்காரர் சொன்னதுதான் விலை. ஒரு ஓட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால், ஏழு பேர் குடும்பத்துக்கு மூன்று ஓட்டோ. இந்தக் கடைசிச் சில கிலோமீற்றர்களின் செலவைச் சேர்க்காமல் “பஸ்ஸில் போனால் மலிவு” என்று சொல்வது பாதிக் கணக்கு.

மறுமுனையில், நகருக்குள், கணக்கு தலைகீழாகிறது. கொழும்புதான் இதற்கு நல்ல சாட்சி. இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அதிவேகப் பாதை இந்தப் பக்கம் வரவில்லை. ஹைலெவல் வீதியிலோ பழைய அவிசாவளை வீதியிலோ நெரிசலோடு ஊர்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்த பின் வேன் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். புறக்கோட்டைச் சந்துகளில் அதை நிறுத்த இடமில்லை. காலிமுகத்திடலில் பிள்ளைகள் கடல் பார்க்கும் இரண்டு மணித்தியாலத்துக்கும் பார்க்கிங் காசு ஏறிக்கொண்டிருக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கொட்டாஞ்சேனை, 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் எல்லாம் கோட்டை ரயில் நிலையத்துக்கு அதிக தூரமில்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் காலி வீதி பஸ்ஸில் போய் உள்ளே சிறிது தூரம் போனால் போதும். கிட்டத்துப் பயணத்துக்கு மீட்டர் போட்ட ஓட்டோவும், 2015 முதல் ஓடும் பிக்மீ, ஊபர் வண்டிகளும் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்வதால் வழி தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார். அவரை விட்டுவிட்டு, கொழும்பு ஒருவழிப் பாதை தெரியாத வேன் டிரைவரை நம்புவதில் லாபமில்லை.

கண்டிக்கு வேன் இன்னும் குறைவாகவே தேவைப்படும். கேகாலையிலிருந்து அது சுமார் 40 கிலோமீற்றர். தலதா மாளிகை, வாவி, சந்தை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் எல்லாம் கால்நடையிலேயே பார்த்துவிடலாம். 1998 ஜனவரியில் குண்டு வெடித்ததிலிருந்து மாளிகை முன்வீதியில் வாகனம் விடுவதில்லை. ஆகவே வேனில் வந்தவரும் இறங்கி நடக்கத்தான் வேண்டும். பேராதனைப் பூங்காவுக்கு அடிக்கடி பஸ் உண்டு. பெரஹரா நாட்களில் வீதிகளை மறித்துவிடுவார்கள் என்பதால் அப்போது சொந்த வண்டி சுமைதான். ரம்புக்கனையில் ஏறி, கடுகண்ணாவை ஏற்றத்தைப் பிள்ளைகள் ஜன்னலில் பார்த்தபடி போகும் ரயில் பயணமே சுற்றுலாவின் பாதி. 1867இல் கண்டியை எட்டிய அந்தப் பாதைக்கு வேன் கண்ணாடி ஈடாகாது.

நுவரெலியா வேறு ரகம். எட்டியாந்தோட்டைக்காரருக்கு கித்துல்கலை, கினிகத்தேனை, அட்டன் வழியாக ஏ7 வீதி நேராக ஏறுகிறது. பலாங்கொடைக்காரர் பெரகலையில் திரும்பி அப்புத்தளை, வெலிமடைப் பக்கமாகப் போகலாம். இரண்டு வழியிலும் பார்க்க வேண்டியவை வீதியோரத்தில் சிதறிக் கிடக்கின்றன. நீர்வீழ்ச்சி ஒரு திருப்பத்தில், ஹக்கல பூங்காவும் சீத்தாஎலிய அம்மன் கோயிலும் இன்னொரு பக்கம், கிரகரி வாவி நகருக்குள். ரயிலில் வந்தாலும் நானுஓயாவில் இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். பஸ்ஸில் வந்தால் ஒவ்வோரிடத்திலும் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் காத்துநிற்க வேண்டும். இங்கே வேன் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பயன் உண்டு. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு விழும் பங்கும் தாங்கக்கூடியதே. ஏப்ரல் வசந்தகாலம் மட்டும் விதிவிலக்கு: அப்போது நகருக்குள் வண்டி நகராது, வாடகையும் ஏறிவிடும்.

வேன் வாடகை இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது ஒன்று. நாளுக்கு இவ்வளவு, அதற்குள் குறித்த கிலோமீற்றர், மிஞ்சினால் மேலதிகம் என்பது மற்றது. இரண்டிலும் கேட்டுத் தெளிய வேண்டியது, கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதே. வேன் பலாங்கொடை டவுனில் நிற்க, குடும்பம் றக்குவானைப் பக்கத் தோட்டத்தில் இருந்தால், வெறும் வண்டி ஏறி வந்த தூரத்துக்கும் திரும்பிப் போகும் தூரத்துக்கும் காசு விழும். இரவு தங்கினால் டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, பார்க்கிங்கை யார் கொடுப்பது என்பவற்றையும் முன்கூட்டியே பேச வேண்டும். பேசாமல் விட்டவை எல்லாம் திரும்பிவந்த இரவில், எல்லோரும் களைத்திருக்கும்போது, லயத்து வாசலில் வாக்குவாதமாகும்.

இன்றைய வாடகை ஏன் பழைய நினைவோடு பொருந்தவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 460. பிறகு விலை இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் புது வேன் வராததால் ஓடுபவற்றில் பல வயதானவை. மலை ஏறும் பயணத்துக்கு வேன் பேசும்போது, வாடகையைக் கேட்கும் முன் டயரையும் பிரேக்கையும் கேட்பது நல்லது.

டிரைவர் இல்லாமல் கார் மட்டும் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இரத்தினபுரி, கேகாலை டவுன்களுக்கும் வந்துவிட்டது. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. எடுப்பவரின் அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், கைப்பணம் ஆகியவற்றோடு வீட்டு முகவரிக்கு அத்தாட்சியாக மின்சாரக் கட்டணப் பட்டியலையும் பல கடைகள் கேட்கும். லயத்து அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது. நாட்டின் பழைய அநீதி ஒன்று, கார் வாடகைக் கடையின் மேசையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அனுமதிப்பத்திரத்தின் வகையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் மட்டும் லைசன்ஸ் வைத்திருப்பவர் கார் ஓட்ட முடியாது. கார் ஓட்டும் ‘பி’ வகை, சாரதியோடு ஒன்பது ஆசனம் வரைதான். பதினைந்து பேர் ஏறும் வேனுக்கு அது போதாது.

அதைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதியில் ஒளிந்திருக்கிறது. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், கம்பனி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. தெரிந்தவர் வேன், பக்கத்துத் தோட்டத்து மாமாவின் வேன் என்று மலிவாகக் கிடைப்பவை பலவும் இந்த வகையே. காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இந்தியாவின் நீலகிரியிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் உறவினர் தாமே ஓட்ட விரும்பினால், அந்நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது. இலங்கையில் அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். கிடைத்தாலும், தோட்டத்து வளைவுகளில் எதிரே கொழுந்து லொறி வரும்போது பின்னால் எடுக்கத் தெரிந்தவர்தான் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.

மலைவீதி விபத்துகளைப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ராதெல்ல குறுக்குப்பாதையில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். சுற்றுலா முடிந்து திரும்பும் இரவுதான் கண்காணிக்க வேண்டிய நேரம். விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்தில் ஏறிய டிரைவர் அதே நாள் நள்ளிரவில் திரும்பவும் ஓட்டுகிறார் என்றால், மிச்சமாகும் ஒரு நாள் வாடகையைவிட அந்தத் தூக்கக் கலக்கத்தின் விலை அதிகம். இரவு தங்குவது, இல்லையெனில் இரண்டாவது டிரைவர். மூன்றாவது வழி இல்லை.

பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது கலப்பு வழிதான். தோட்டத்திலிருந்து அவிசாவளைக்கோ ரம்புக்கனைக்கோ மட்டும் வேன் அல்லது ஓட்டோ பேசிக்கொண்டு, அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்பும் கண்டியும் போவது. திரும்பும் நேரத்துக்கு அதே வண்டியை அங்கே வரச்சொல்வது. இரண்டு நாள் வாடகைக்குப் பதில் இரண்டு குறுந்தூர ஹயர். லயத்தார் நாலைந்து வீடு சேர்ந்து கதிர்காமத்துக்கு முழு பஸ் பிடிப்பது தோட்டங்களில் பழகிய வழக்கம். ஆள்கூட்டம் பெரிதாகவும் போகுமிடம் ஒன்றாகவும் இருக்கும்வரை அது வேனைவிட மலிவு. நாலு இடம் பார்க்க நினைத்தால், நாற்பது பேரை ஏற்றி இறக்குவதிலேயே பகல் போய்விடும்.

நாளைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். மாதம் 10ஆம் திகதிச் சம்பளத்தையும் தீபாவளி முற்பணத்தையும் ஒட்டியே பல பயணங்கள் அமைகின்றன. எல்லோரும் அதே சனி, ஞாயிறைக் கேட்பதால் அப்போது நல்ல வேன் கிடைப்பது கஷ்டம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மாகாணத்தில்தான் பலமாக இறங்கும். 2016 மேயில் அரநாயக்க மண்சரிவும், 2017 மேயில் இரத்தினபுரி வெள்ளமும் அந்தப் பருவத்தில்தான் வந்தன. பருவம் தப்பியும் ஆபத்து வருவதுண்டு: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையையும் வீதிகளையும் பலத்த சேதமாக்கியது. ஆகவே எந்த வழியில் போவதானாலும் முந்தின நாளே ரயில் ஓடுகிறதா, வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வேன் பேசி அட்வான்ஸ் கொடுக்கும்போது, வீதி மூடப்பட்டால் அந்தக் காசு திரும்புமா, வேறு திகதிக்கு மாறுமா, வழியில் வண்டி பழுதானால் மாற்று வண்டியை யார் அனுப்புவது என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி, திகதி போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கையால் எழுத மறுக்கும் வேன்காரர் போனில் ஒரு செய்தியாக அனுப்பினாலும் போதும்.