விமானங்களின் வண்ணக்கோலம்

செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. அவ்வூர்ப் பாறைக்குன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவரைக் கோயில் ஒன்றை அமைத்தான். தன் விருதுப் பெயர்களுள் ஒன்றாகிய சத்துருமல்லன் என்பதைக் கொண்டே அதற்குச் சத்துருமல்லேசுவராலயம் எனப் பெயரிட்டான். அதன் முகப்பின் மேலே, கற்கூரையின் விளிம்பைப் பாருங்கள். வளைந்த சிறு சாளரங்களைப் போன்ற கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினின்றும் முகங்கள் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

சாளரத்திலிருந்து முகம் எட்டிப் பார்க்கும் அக்காட்சியை வேறோரிடத்திலும் உலகம் கண்டது. 1971ஆம் ஆண்டில் ஏர் இந்தியா நிறுவனம் தன் முதல் போயிங் 747 விமானத்தைப் பெற்றது. அதற்குச் ‘சக்கரவர்த்தி அசோகர்’ எனப் பெயர் சூட்டினர். பயணிகள் அமரும் சாளரம் ஒவ்வொன்றையும் சுற்றி, இராசபுதன அரண்மனைகளின் ஜரோகா என்னும் மாடச் சாளரத்தைப் போலச் சிவந்த வளைவு ஒன்று தீட்டப்பட்டிருந்தது. கோயிற் கருவறையின்மேல் எழும் கட்டடத்தையும் வானில் பறக்கும் ஊர்தியையும் விமானம் என்ற ஒரே சொல்லால் வழங்கும் நமக்கு இந்த ஒற்றுமை புதுமையாகத் தோன்றாது.

ஒரு நிறுவனம் தன் விமானங்களுக்குப் பூசும் நிறமும், வால்மீது தீட்டும் சின்னமும், உடலின்மேல் எழுதும் பெயரும் சேர்ந்ததே அதன் வண்ணக்கோலம். கயலையும் புலியையும் வில்லையும் கண்ட அளவில் இன்ன வேந்தன் படை என அறிந்தனர் நம் முன்னோர். வானில் அப்பணியைச் செய்வது வண்ணக்கோலம். இண்டிகோவின் நீல வாலில் வெண்புள்ளிகள் சேர்ந்து ஒரு விமானமாகத் தெரியும். நம் வீட்டு வாயிலில் இடும் புள்ளிக்கோலம் நினைவுக்கு வராமற் போகாது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தன் கோலத்தை மாற்றியபோது, நாட்டின் பல்வகைத் துணிகளின் வேலைப்பாடுகளை வால்களுக்குத் தேர்ந்தெடுத்தது. காஞ்சிப் பட்டும் அவற்றுள் ஒன்று.

பெரும்பாலான விமானங்களின் உடல் வெண்மையாக இருப்பதேன்? வெண்மை வெயிலின் வெப்பத்தை ஏற்காது திருப்பி அனுப்பும் என்பது ஒரு காரணம். ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு விமானம் ஒன்றிற்கு 1996ஆம் ஆண்டில் விளம்பரத்தின்பொருட்டு நீலநிறம் பூசினர். நீலம் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுமாதலால், உச்ச வேகத்தில் 20 நிமிடங்களுக்குமேல் அது பறத்தலாகாது என வரையறுக்க வேண்டியதாயிற்று.

இனி, மெய்யான வானத்தை விட்டுப் பாவனை வானத்திற்குச் செல்வோம். தரையில் இருந்தவாறே பறக்கக் கற்பிக்கும் பொறிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். 1929ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எட்வின் லிங்க் அத்தகைய பயிற்சிப் பொறி ஒன்றை அமைத்தார். அவர் குடும்பத் தொழில் இசைக்கருவியாகிய ஆர்கன் செய்தல். ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே அவர் தம் பொறியைச் சாயவும் நிமிரவும் செய்தார் என்பது சுவையான செய்தி. பின்னர்க் கணிப்பொறி வந்தது. 1982ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சிமுலேட்டர் வெளிவந்ததும், வீட்டு மேசையே விமானியின் அறையாயிற்று.

ஆயினும் வானத்தில் நாம் மட்டுமா பறக்கிறோம்? மீனம்பாக்கத்தில் இறங்க வருபவர் முன்னும் பின்னும் பிற விமானங்களைக் காண்பர். சிமுலேட்டரில் அவற்றைச் செலுத்துவது கணிப்பொறியே. முற்காலச் சிமுலேட்டர்களில் அவை உலகில் எங்கும் இல்லாத கற்பனை நிறுவனங்களின் பெயரைத் தாங்கிப் பறந்தன. சென்னை வானில் அறியாத பெயர்கள் பறப்பதைக் கண்ட ஆர்வலர்கள் மெய்யான கோலங்களைத் தாமே தீட்டத் தொடங்கினர்.

அதனைத் தீட்டும் முறை எளிதன்று. சாத்துக்குடியின் தோலை உரித்து மேசைமீது பரப்பினால் தட்டையாகும் அன்றோ? அதுபோல விமான உருவத்தின் மேற்பரப்பைப் பல துண்டுகளாக விரித்து ஒரு தட்டைப் படமாக்குவர். தீட்டுபவர் அப்படத்தின்மேல் வண்ணமிடுவார். கணிப்பொறி அதனை மீண்டும் உருவத்தின்மேல் போர்த்தும். உடலிலிருந்து வாலுக்கு ஏறும் கோடு துண்டுகளின் ஓரத்தில் இம்மியளவு பிசகினாலும் வானில் முறிந்து தோன்றும். இடப்புறப் படத்தையே வலப்புறத்திற்கும் திருப்பிப் போட்டுவிட்டாலோ, நிறுவனத்தின் பெயர் கண்ணாடியில் கண்ட எழுத்தைப் போலத் தலைமாறி நிற்கும்!

மற்றொரு தடையும் உண்டு. ஒரே வேளையில் பல விமானங்களைக் காட்ட வேண்டியிருத்தலின், கணிப்பொறி செலுத்தும் விமானங்களின் உருவம் எளியதாகவே இருத்தல் வேண்டும். சாளரங்களைத் தனித்தனியே செதுக்க இயலாது. அவற்றையும் வண்ணமாகவே தீட்ட வேண்டும். தளவானூர்ச் சிற்பி கல்லைக் குடைந்து நிழலை உண்டாக்கினான்; இவரோ நிழலையும் வண்ணத்தால் எழுதுகிறார். விமானம் தொலைவிற் செல்லச் செல்லக் கணிப்பொறி மேலும் சிறிய படங்களை எடுத்துக்கொள்ளும். அப்போது ஜரோகா வளைவுகள் மங்கி மறையும். வாலின் நிறமே எஞ்சும்.

எந்த விமானத்திற்கு எந்தக் கோலம் என்பதைக் கணிப்பொறி எவ்வாறு அறிகிறது? ஒவ்வொரு நிறுவனத்திற்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. ஏர் இந்தியாவிற்கு ஏ.ஐ.சி.; இண்டிகோவிற்கு ஐ.ஜி.ஓ. விமானத்தின் வகைக்கும் அதுபோன்றதொரு குறியீடு உண்டு. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து, தன் களஞ்சியத்தில் உள்ள உருவத்தைக் கணிப்பொறி எடுக்கும். பொருந்துவது இல்லையெனில் பெயரற்ற வெண்ணிற விமானம் ஒன்றை அனுப்பிவிடும்.

பெயரற்றதாயின் என்ன என்று கேட்கலாம். ஓடுபாதையின் ஓரத்தில் காத்திருக்கும் விமானியிடம், “இறங்கிவரும் ஏர் இந்தியா ஏர்பஸ் கடந்தபின் உள்ளே செல்க” எனக் கட்டுப்பாட்டாளர் கூறுவதாகக் கொள்வோம். இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டும் ஏர்பஸ். முதலாவது இண்டிகோ, அடுத்ததே ஏர் இந்தியா. முதலாவது கடந்ததும் உள்ளே நுழைந்தால் விளைவது பேரிடர். எல்லாம் வெண்மையாகத் தோன்றும் பாவனை வானில் பழகியவருக்கு இந்த வேறுபாட்டைக் காணும் கண் வாய்ப்பதில்லை.

இதில் நுட்பம் ஒன்றும் உண்டு. 2024 நவம்பர் 12ஆம் நாள் விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. பெயர் ஒரே நாளில் மாறியது, வண்ணம் மாறவில்லை. வானொலியில் ‘ஏர் இந்தியா’ என்று ஒலித்த விமானம், கத்தரிக்காய் நிறமும் பொன்னிறமும் கொண்ட விஸ்தாரா வாலோடு வந்தது. எனவே அந்த மாதத்து வானத்தைக் காட்ட விரும்புபவர், ஏர் இந்தியாவின் கோலத்தை எல்லாவற்றிற்கும் போர்த்தினால் பொய்யாகிவிடும். எந்த நாளின் வானம் என்று கேட்டபிறகே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

அவ்வாறு நாள் கேட்டுத் தீட்டுவோர் பழைய வானத்தையும் தீட்டுகின்றனர். ஜெட் ஏர்வேஸ் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் பறப்பதை நிறுத்தியது. கிங்பிஷர் 2012இல் நின்றது. ஏர் இந்தியாவின் வில்லேந்திய சின்னம் 2007இல் அன்னத்திற்கு இடமளித்தது. அன்னமும் 2023இல் விடைபெற்றது. கல்லிற் செதுக்கியது ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிற்கின்றது. தகட்டிற் பூசியதோ, நிறுவனம் கைமாறிய அளவிலே சுரண்டப்படுகின்றது.

‘சக்கரவர்த்தி அசோகர்’ விமானம் சுரண்டப்படவும் இல்லை. 1978 சனவரி முதல் நாள் இரவு, மும்பையிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில் அது அரபிக்கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 213 பேரும் மாண்டனர். இன்று அதனைச் சிமுலேட்டருக்காகத் தீட்டுபவர் பழைய நிழற்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். சிவந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி இடுகிறார். பின் உடலின் ஓரத்தில், அந்த ஒரு விமானத்திற்கே உரியதாயிருந்த வி.டி.-இ.பி.டி. என்னும் பதிவெழுத்துகளைச் சிறியதாக எழுதுகிறார்.