டிஷ்ஷுக்கு எதற்கு உயரம்?

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜுவாடிப் பகுதிகளில் வாடகை வீடுகளின் மொட்டைமாடிகளைக் கவனித்தால், பல டிஷ்கள் ஆள் உயரத்துக்கும் மேலே, நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றை நட்டவர்களில் பலர் தொழில்முறை மெக்கானிக்குகள் இல்லை. ஆலை வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு, இந்திச் சேனல்கள் நிறைந்த டிடி ஃப்ரீ டிஷ் வசதியானது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் கூப்பிட்டவுடன் ஆள் அனுப்பும் நிறுவனமும் அதற்கு இல்லை. தட்டையும் பெட்டியையும் கடையில் வாங்கி, அறை நண்பரோ பக்கத்து வீட்டுத் தம்பியோ மாடியேறித் தட்டைச் சரியான திசைக்குத் திருப்பி வைப்பதுதான் நடைமுறை. அதில் சட்டக் குற்றம் ஏதுமில்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்க்க மட்டுமே வைக்கும் டிஷ்ஷுக்கு உரிமம் தேவையில்லை. தட்டைத் திருப்புவதிலும் பெரிய ஆபத்து இல்லை. அதை உயரத்தில் நிறுத்த நினைப்பதில்தான் உயிராபத்து இருக்கிறது. அந்த உயரமோ இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும்பாலும் தேவையே படாத ஒன்று.

காரணம் எளிய கணக்கு. ஃப்ரீ டிஷ்ஷுக்குச் சிக்னல் தரும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. ஓசூரிலிருந்து பார்த்தால் அது இருக்கும் திசை வடக்கிலிருந்து வலச்சுற்றாக 128 டிகிரி, அதாவது தென்கிழக்கு. தொடுவானிலிருந்து அதன் ஏற்றம் ஏறத்தாழ 66 டிகிரி. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை என்று மாவட்டத்துக்குள் எங்கே போனாலும் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. 66 டிகிரி என்பது கிட்டத்தட்ட தலைக்கு மேல். அந்தத் திசையில் 10 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம் இருந்தால், அது உங்கள் டிஷ்ஷைவிட 22 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் சுவர் 6 மீட்டருக்கு மேல் எழுந்திருக்க வேண்டும். சாதாரணக் கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ அந்த அளவுக்கு வராது. 36,000 கிலோமீட்டரிலிருந்து வரும் அலைக்கு மூன்று மீட்டர் குழாய் எந்த வலுவையும் சேர்த்துவிடப் போவதில்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் உயர்த்துகிறார்கள்? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, பழைய ஆன்டெனாக் காலத்துப் பழக்கம். 1980களில் தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்கக் கம்பத்தை உயர்த்த உயர்த்தப் படம் தெளிந்தது உண்மை. அந்த அலை மேடுபள்ளங்களைக் கடந்து பக்கவாட்டில் வந்தது. டிஷ்ஷுக்கு வருவது மேலிருந்து இறங்குகிறது. இரண்டாவது காரணம், தட்டின் தோற்றம் தரும் ஏமாற்று. வீட்டு டிஷ்களில் சிக்னலை வாங்கும் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கக் கையில் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் தட்டு உண்மையில் பார்க்கும் கோணத்தைவிட 20 முதல் 25 டிகிரி வரை தாழ்வாகப் பார்ப்பதுபோல் தெரியும். 66 டிகிரியைப் பார்க்கும் தட்டு 40 டிகிரியைப் பார்ப்பதாகக் கண்ணுக்குப் படும்போது, எதிர்வீட்டு மாடி மறைக்கிறது என்று தோன்றுவது இயல்பு. உடனே இன்னும் நீளமான குழாய் தேடப்படுகிறது.

அந்தக் குழாயைத் தூக்கி நிறுத்தும் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, கட்டடத்துக்கு மேலே போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்தின் உச்சிக்கும் இடையில் குறைந்தது 2.5 மீட்டர் இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பி என்றால் 3.7 மீட்டர். பக்கவாட்டில் இரண்டுக்குமே 1.2 மீட்டர் போதும். 3 மீட்டர் குழாயை ஒருவர் இரு கையாலும் தூக்கி நிமிர்த்தினால், விதிப்படி சரியாகப் போகும் கம்பியையே அது தொட்டுவிடும். பக்கவாட்டு 1.2 மீட்டர் என்பது, நிமிர்த்தும்போது ஒரு முறை தள்ளாடினாலே கடந்துவிடும் தூரம். ஆலைகளுக்காக உயர் அழுத்தக் கம்பிகள் அடர்ந்து ஓடும் இந்தப் பகுதியில், மாடி மேல் மாடி எழுப்பிய வீடுகளில், அந்த விதி இடைவெளியாவது மிஞ்சியிருக்கிறதா என்பதே சந்தேகம். இரும்புக் குழாய் 11 கிலோவோல்ட் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயும். ரப்பர் செருப்பு அந்த அழுத்தத்துக்குப் பாதுகாப்பே அல்ல.

விபத்துக்குப் பின் இழப்பீடு கிடைக்குமா என்ற கேள்வியிலும் இதே உயரம் குறுக்கே வருகிறது. மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் ஒருவர் இறந்ததற்கு, கவனக்குறைவை நிரூபிக்காமலேயே வாரியம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆபத்தான பொருளைக் கொண்டுசெல்பவருக்குக் கண்டிப்பான பொறுப்பு என்பது அதன் அடிப்படை. ஆனால் பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயலே விபத்துக்குக் காரணம் என்பது இந்தக் கோட்பாட்டின் பழைய விதிவிலக்குகளில் ஒன்று. கம்பி தாழ்ந்து தொங்கி உங்கள் மாடியை எட்டினால் வழக்கு உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். நீங்கள் குழாயை உயர்த்திக் கம்பியை எட்டினால் மின்வாரியம் அந்த விதிவிலக்கையே பிடித்துக்கொள்ளும். எனவே மாடிக்கு மேல் கம்பி தாழ்ந்திருந்தால் டிஷ் வேலைக்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்து வைப்பதும் பின்னால் சான்றாகும்.

தட்டை இடுப்பளவு உயரத்தில், கம்பிகளிலிருந்து விலகிய மூலையில், நான்கைந்து செங்கல்லோ மணல் மூட்டையோ ஏற்றிய இரும்புத் தாங்கியில் நிறுத்தலாம். இதற்கு வரும் முதல் ஆட்சேபம், குழந்தைகள் தட்டிவிடுவார்கள், துணி காயப்போடும்போது இடிக்கும் என்பது. உண்மைதான், மூலையில் வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம், தட்டிவிட்டாலும் மறுபடி திருப்பிக்கொள்ளலாம். காற்றுக்குப் பறக்காதா என்பது அடுத்தது. தாழ்ந்த டிஷ்ஷைவிட நீண்ட குழாயின் நுனியில் நிற்பதுதான் காற்றில் அதிகம் ஆடும். 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலமே கொண்டது. குழாய் ஒரு டிகிரி சாய்ந்தாலே சிக்னல் மெலியும். மழை வந்தால் படம் போகிறது என்ற புகாரில் ஒரு பகுதி மழைத்துளிகளின் வேலை, மற்றது ஆடும் கம்பமும் அரைகுறையாகத் திருப்பிய தட்டும்.

திருப்பும் முறையிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 91.5, 93.5, 95 டிகிரிகளில் வெவ்வேறு சேவைகளின் செயற்கைக்கோள்கள் நெருங்கி நிற்கின்றன. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் அகலம்தான் அவற்றுக்கு இடையே. செட்டாப் பாக்ஸ் காட்டும் இரண்டு அளவுகளில் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்பது எல்என்பியின் இரைச்சலாலேயே ஏறிவிடும். சரியான செயற்கைக்கோளைப் பிடித்ததற்குச் சான்று குவாலிட்டி மட்டுமே. தெளிந்த வானத்தில் குவாலிட்டியை அது எட்டக்கூடிய உச்சத்துக்குக் கொண்டுபோய் இறுக்கினால்தான் மழையிலும் மிச்சமிருக்கும். செல்போன் திசைகாட்டியை இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்குப் பகல் 11 மணி வாக்கில் படம் சில நிமிடம் அறுந்தால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது. அப்போது தட்டைத் தொடவே வேண்டாம்.

கேபிளில் ஓடுவது வெறும் 13 அல்லது 18 வோல்ட் தானே, அதில் என்ன ஆபத்து என்பார்கள். அந்த மின்னழுத்தம் யாரையும் கொல்லாது. ஆனால் எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் ஓடும் டிவியும் பாக்ஸும் கேபிளின் மேலுறையில் சிறு கசிவு மின்சாரத்தை ஏற்றும். ஏணியில் நிற்பவர் கைக்கு அந்தச் சுருக்கென்ற அதிர்ச்சி வந்தால், விழுவதற்கு அதுவே போதும். கேபிளின் நடுக்கம்பி மேலுறையோடு உரசினால் பாக்ஸும் பழுதாகும். ஆகவே கனெக்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்ஸ், டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சிமென்ட் ஷீட் கூரையின் மேல் கால் வைக்கவே கூடாது. அது ஆளைத் தாங்கச் செய்யப்பட்டது இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி தொடங்கும் முன்பே கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கும் தாழ்ந்த டிஷ்ஷே நல்லது. அமெரிக்காவில் 1996இல் வந்து, 1999 முதல் வாடகைதாரர்களுக்கும் நீட்டிக்கப்பட்ட விதியின்படி, குடியிருப்பவர் தம் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ் வைப்பதை உரிமையாளர் தடுக்க முடியாது. நம் நாட்டில் அப்படியொரு தனி உரிமை இல்லை. மாடியில் துளை போடவும் சுவரில் போல்ட் அடிக்கவும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், அதை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிக்கொள்வது நல்லது. துளையே இல்லாத தாங்கிக்கு மறுப்பு வருவதும் குறைவு. வரிசை அறைகளைக் கட்டி வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே டிஷ்ஷிலிருந்து பத்து அறைக்கும் வயர் இழுத்துத் தனிக் கட்டணம் வசூலித்தால், 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டப்படி பதிவு தேவைப்படும் தொழிலாக அது ஆகிவிடக்கூடும்.

கட்டண டிடிஎச் வைத்திருப்பவர்கள் ஏன் தாமே ஏற வேண்டும் என்று கேட்கலாம். ஏற வேண்டியதில்லைதான், ஆள் அனுப்புவது நிறுவனத்தின் வேலை. தட்டைத் திருப்பும் தேவையே சில நேரம் வாடிக்கையாளரால் வருவதில்லை. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் பழுதாகிப் பாதி டிரான்ஸ்பாண்டர்கள் நின்றபோது, சன் டைரக்ட் 91.5 டிகிரியில் உள்ள மீசாட்-3க்கு மாறியது; 93.5ஐப் பார்த்திருந்த தட்டுகளைத் திருப்ப வேண்டி வந்தது. அந்த மாற்றத்துக்கு வாடிக்கையாளர் காரணமில்லை. இத்தகைய வேலைக்குக் கட்டணம் கேட்டால் ஏன் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிமுறைகள் புதிய இணைப்பை நிறுவ 350 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தன; 2024 ஜூலையில் அந்த வரம்பு நீக்கப்பட்டு, நிறுவுதல், வீட்டுக்கு வருதல், இடமாற்றம் ஆகியவற்றின் கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்யலாம், ஆனால் வெளியிட வேண்டும் என்று ஆனது. எனவே ஆள் வரும் முன்பே தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் வாங்குங்கள், தீராவிட்டால் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். தனிநபர் புகாரை டிராய் நேரடியாகத் தீர்க்காது.

கர்நாடக எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாக்ஸும் எல்என்பியும் அத்திப்பள்ளியிலோ பெங்களூரிலோ மலிவு என்று வாங்கி வருவார்கள். பழுதானால் கர்நாடகத்துக்குப் போய் வழக்காட முடியுமா என்று விட்டுவிடுகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. ஓசூரில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை, பழுது எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தாலே பல சிறு தகராறுகள் முடிந்துவிடுகின்றன. ஐந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது என்பதற்கு அந்த ஒரு தொலைபேசி அழைப்பே பதில். இந்தச் சட்டம் காசு வாங்கிச் செய்த வேலைக்கே பொருந்தும், நண்பர் இலவசமாகத் தட்டைத் திருப்பி வைத்ததற்குப் பொருந்தாது. மெக்கானிக்குக் காசு கொடுத்தால், துண்டுச் சீட்டிலாவது தேதி, தொகை, செய்த வேலை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யுபிஐயில் அனுப்பினால் குறிப்பில் டிஷ் வேலை என்று சேர்த்துவிடுங்கள்.