பெட்டிக்குள் அடைபட்ட மொழிகள்!

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குத் தெரியும். ஊர் கூடி ஏடு எழுதுவதையும் இந்த நூற்றாண்டு கண்டுவிட்டது. விக்கிப்பீடியா என்று அதற்குப் பெயர். 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தொடங்கிற்று. 2003இல் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. பட்டம் பெற்ற பண்டிதர்தான் எழுதலாம் என்ற வேலி அங்கே கிடையாது. பள்ளி மாணவர் எழுதலாம். பஞ்சாலைத் தொழிலாளி எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம்; திருத்தியதை மூன்றாமவர் அழிக்கலாம். ஏட்டைத் தொடவும் கூடாது என்று பெரும்பாலோரை எட்டத் தள்ளி வைத்திருந்த நாட்டிலே, எழுதவும் வரலாம் எல்லோரும் என்று கதவைத் திறந்து வைப்பது எளிய செய்தியா? வரவேற்கிறோம்!

ஆனால், அந்தக் கலைக்களஞ்சியத்தில் மொழிகளைப் பற்றிய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் ஓரத்திலே சிறு பெட்டி ஒன்று இருக்கும். மொழியின் பெயர், பேசுவோர் தொகை, எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று நாலைந்து வரி. அந்த நாலைந்து வரியைச் சுற்றித்தான் பூசல்! 'தனி மொழி' என்று ஒருவர் எழுதுவார். அதை அடித்துவிட்டு, 'வட்டார வழக்கு' என்பார் மற்றொருவர். பேசுவோர் 32 கோடி என்பார் ஒருவர். இல்லை, 52 கோடி என்பார் அடுத்தவர்.

"நாலு வரிக்கு இத்தனை சண்டையா? வேறு வேலை இல்லையா இவர்களுக்கு?" என்று கேட்கத் தோன்றும். தோழர்களே, நிலத்தின் பட்டா எத்தனை வரி? அதுவும் நாலு வரிதான்! அந்த நாலு வரியில் எவர் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தானே, உழுதவன் உரிமைக்காரனா குத்தகைக்காரனா என்பது? மொழிக்கும் அதே கதிதான். 'மொழி' என்று எழுதப்பட்டால் பள்ளி கேட்கலாம், பாடநூல் கேட்கலாம், தேர்வெழுத இடம் கேட்கலாம். 'வழக்கு' என்று எழுதப்பட்டாலோ, "உனக்கெதற்குத் தனிப் பள்ளி? பெரிய மொழிதான் இருக்கிறதே!" என்று வாயை அடைத்துவிடலாம்.

எல்லீசர் காட்டிய வழி

மொழிகளை வகைப்படுத்துவதே குற்றம் என்று நாம் கூறவில்லை. கூறவும் முடியாது. 'திராவிடம்' என்ற நம் பெயருக்கு அறிவுலகத்திலே அரண் அமைத்துத் தந்ததே ஒரு மொழி வகைப்பாடுதான்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்நாட்டு மொழிகள் யாவும் வடமொழி ஈன்ற பிள்ளைகள் என்பதே கல்கத்தாவில் இருந்த கம்பெனிக் காலத்து அறிஞர்களின் கருத்து. மறுத்தவர் யார்? சென்னையிலே கலெக்டராக இருந்த எல்லிஸ். நாம் எல்லீசர் என்று அழைக்கிறோமே, அவரேதான். 1816இல், காம்பெல் என்பார் ஆக்கிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். கோபித்து எழுதவில்லை, கூச்சலிட்டு எழுதவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை எடுத்தார், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார், "பாருங்கள், இவை ஒரு குடும்பம், வடமொழி வேறு குடும்பம்" என்று காட்டினார். நாற்பது ஆண்டு கழித்து, 1856இல், நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்து அந்த அடித்தளத்தின் மீது மாளிகையே எழுப்பினார்.

அவர்கள் கையாண்ட முறை என்ன? ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் தோழர்கள் அதைக் காதாலேயே கேட்டிருப்பார்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், அங்கே ஹல்லு. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. நம் பகரம் நின்ற இடத்திலெல்லாம் அங்கே ஹகரம் வந்து நிற்கிறது. ஒரு சொல்லிலே நேர்ந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் ஒழுங்காக நேர்ந்தால்? அது உறவு! பழங்கன்னட ஏடுகளிலே இதே சொற்கள் பகரத்தோடு இருந்தது மேலும் ஒரு சான்று.

கடன் வாங்கிய சொல் வேறு. கருவிலே வந்த சொல் வேறு. பஸ், ரயில், ஆபீஸ் என்று நாள்தோறும் பேசுகிறோம். அதனாலே தமிழ் ஆங்கிலத்தின் கிளையாகிவிடுமா? தெலுங்கிலே வடசொல் ஏராளம். அதனாலே தெலுங்கு வடமொழிக் குடும்பமாகிவிடுமா? எண்ணுப் பெயரைப் பார்; உடலுறுப்பின் பெயரைப் பார்; நான், நீ என்னும் சொற்களைப் பார்; இலக்கணக் கட்டுக்கோப்பைப் பார். உறவு எங்கே என்பது தெரியும். ஜார்க்கண்டிலே குருக் மொழி பேசும் ஒராவோன் மக்களும், பலுசிஸ்தானத்திலே பிராகூயி பேசும் மக்களும் நம் மொழிக் குடும்பத்தார் என்று அறிந்தது இந்த முறையினால்தான்.

இதுதான் அறிவியல் வகுத்த பெட்டி. இனி, அதிகாரம் வகுத்த பெட்டியைப் பார்ப்போம்.

இதோ கணக்கு!

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே, "உன் தாய்மொழி எது?" என்று கேட்டபோது மக்கள் அளித்த பெயர்கள் 19,569. எழுத்து மாற்றமும் பெயர் மாற்றமும் நீக்கிச் சலித்து எடுத்தபோது நின்றவை 1,369 தாய்மொழிகள். அவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசுபவை என்று காட்டியவை 121 மொழிகள். அவற்றுள் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை 22.

சலிப்பது தேவைதான். ஒரே மொழியை ஊருக்கொரு பெயரால் சொல்வோர் உண்டு. ஆனால் சலிக்கிற சல்லடையிலே சூது இருந்தால்?

இந்தி பேசுவோர் 52 கோடியே 83 லட்சம் என்கிறது ஏடு. மக்கள்தொகையில் நூற்றுக்கு 43.63 பேர்! மார்தட்டுகிறார்களே, அந்தக் கணக்கு இதுதான். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. "என் தாய்மொழி இந்தி" என்று வாய்திறந்து சொன்னவர்கள் 32 கோடியே 22 லட்சம் பேர். நூற்றுக்கு 27 பேருக்கும் குறைவு. மற்ற 20 கோடிப் பேர் சொன்னது வேறு பெயர்! போஜ்புரி என்றவர்கள் 5 கோடிக்கு மேல். ராஜஸ்தானி என்றவர்கள் 2 கோடியே 58 லட்சம். சத்தீஸ்கரி என்றவர்கள் 1 கோடியே 62 லட்சம். மகஹி என்றவர்கள் 1 கோடியே 27 லட்சம். சொன்ன வாய் ஒன்று. எழுதிய கை வேறு!

போஜ்புரி இந்தியின் வழக்குதானே என்பார்கள். வெள்ளையர் ஆட்சியில் கிரியர்சன் என்பார் இந்திய மொழிகளை ஆய்ந்து, 1903 முதல் 1928 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவர் போஜ்புரி, மகஹி, மைதிலி மூன்றையும் 'பீகாரி' என்று தனியே பிரித்தார், வங்காளம், ஒரியா, அசாமி நிற்கும் கிழக்குக் கிளையிலே சேர்த்தார், இந்திக்குள் வைக்கவில்லை.

மைதிலியின் கதை இன்னும் வேடிக்கை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வித்யாபதி பாடிய மொழி அது. 1965இல் சாகித்திய அகாதமி அதைத் தனி இலக்கிய மொழி என்று ஏற்றது. ஆயினும் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது இந்திப் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது. 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதனை எட்டாவது அட்டவணையில் ஏற்றியது. உடனே 2001ஆம் ஆண்டுக் கணக்கின் மொழி ஏட்டிலே, அது 1 கோடியே 21 லட்சம் பேர் பேசும் தனி மொழியாக எழுந்து நின்றது! நாம் கேட்கிறோம்: இடையிலே மாறியது மைதிலியின் இலக்கணமா? ஒலியா? சொல்லா? ஒன்றும் மாறவில்லை. சட்டம் மாறிற்று, பெட்டி திறந்தது!

ராஜஸ்தானிக்கு அந்தப் பேறும் இல்லை. சாகித்திய அகாதமியின் பட்டியலில் அது தனி மொழி, பரிசும் உண்டு. 2003இலேயே ராஜஸ்தான் சட்டமன்றம், அட்டவணையில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2011 கணக்கிலோ அது இந்தி! ஒரே அரசின் ஒரு கை பரிசளிக்கிறது. மறு கை பெயரை அழிக்கிறது!

பெரும்பான்மையோர் பேசும் மொழி, ஆகவே அதுவே ஆளவேண்டும் என்றார்கள். அந்த வாதத்தை எதிர்த்து மாநிலங்களவையிலே நின்றார் அறிஞர் அண்ணா. 1965இல் தமிழகம் தீயிலே குளித்து எழுந்தது. எண்ணிக்கை அதிகமென்பதால் ஒரு மொழி ஆளலாகாது என்பது நம் கொள்கை. அந்த எண்ணிக்கையே அடைத்துப் பெருக்கியது என்பது இன்று ஏடு தரும் சான்று.

ஒன்றை மறவாதீர். சென்னையிலே நம்மோடு சாரம் ஏறிக் கட்டடம் கட்டுகிறாரே பீகார்த் தொழிலாளி, அவர் நம் பகைவர் அல்லர். நாம் அவரை 'இந்திக்காரர்' என்று அழைக்கிறோம். அவர் வீட்டில் தாயோடு பேசுவது போஜ்புரியாகவோ மகஹியாகவோ இருக்கலாம். தன் மொழி இழந்து நிற்பவரை, இழக்கச் செய்தவரின் பெயராலே அழைப்பது முறையா? ஊர் எது என்று கேட்கும்போதே, மொழி எது என்றும் கேளுங்கள்!

பிரித்த கதையும் உண்டு

பலவற்றை ஒன்றாக்கிய அரசுகள் உண்டு. ஒன்றைப் பலவாக்கிய அரசியலும் உண்டு. யுகோஸ்லாவியா ஒன்றாக இருந்த நாளில், 1954இல் நோவி சாத் நகரில் கூடிய அறிஞர்கள், செர்பியரும் குரோவியரும் பேசுவது ஒரே மொழி என்றனர். 1991 முதல் நாடு உடைந்தது. மொழியின் பெயரும் உடைந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனாலும் செர்பியம், குரோவியம், பாஸ்னியம் என்று தனித்தனிப் பெயர். விக்கிப்பீடியாவிலே இம்மூன்றுக்கும் தனித்தனிக் களஞ்சியம். போதாதென்று, செர்போ-குரோவியம் என்று நாலாவதும் ஒன்று!

அங்கே விளங்கும் பேச்சைப் பிரித்தார்கள். இங்கே பிரிந்த மொழிகளைச் சேர்த்தார்கள். ஆகவே, 'மொழியா, வழக்கா' என்ற கேள்விக்கு இலக்கணம் மட்டும் விடை சொல்வதில்லை. பேசுகிற மக்களின் விருப்பமும், ஆளுகிறவர்களின் கணக்கும் அங்கே மோதுகின்றன.

நாம் செய்யவேண்டியது

பொதுக் களஞ்சியத்துக்கு விதிகள் உண்டு. நடுநிலை வேண்டும், சான்று வேண்டும், எழுதுபவர் தம் சொந்தக் கண்டுபிடிப்பை அங்கே நுழைக்கக் கூடாது. நல்ல விதிகள்! நமக்கு இவை தடையல்ல, படைக்கலன். 52 கோடி என்று எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். அதன் பக்கத்திலே, "இதில் இந்தி என்றே சொன்னவர் 32 கோடி, மற்றவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழியினர், 2011 கணக்கெடுப்பு" என்று சான்றோடு எழுதுங்கள். அழித்தால் அவர்கள் மீண்டும் எழுதுவார்கள். சான்றோடு சேர்த்தால், அழிக்க வருகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று பெட்டியிலே எழுதத் துடிப்போர் உண்டு. ஆர்வம் புரிகிறது, சான்று எங்கே? தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு என்றார் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. பழைய ஈலாம் நாட்டு மொழியோடு திராவிடத்துக்கு உறவு என்றார் மக்ஆல்பின். இவை கருதுகோள்கள், மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றவை அல்ல. அப்படியே எழுதுவோம். எல்லீசர் வென்றது வேர்ச்சொல்லால், வீறாப்பினால் அன்று. மாற்றாரின் மிகையை நம் மிகையாலே முறியடிக்க முடியாது.

இன்னொன்று, நெஞ்சில் கைவைத்துக் கேட்கவேண்டியது. நம் தமிழ்ப் பெட்டிக்குள் எவர் இருக்கிறார்கள்? 2011 கணக்கிலே தமிழின்கீழ் இருளர் மொழியும் எருக்கலர் மொழியும் அடங்கிக் கிடக்கின்றன. இருளர் மொழியைத் தனியே ஆய்ந்து 1973இல் நூல் தந்தார் கமில் சுவலபில். நம் நீலகிரியிலே லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் படகர் மொழி கன்னடப் பெட்டிக்குள் கிடக்கிறது. போஜ்புரிக்கு நீதி கேட்கும் வாய், இருளருக்கும் படகருக்கும் கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும்! சில ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டா உயரப்போகிறது ஏழு கோடித் தமிழர் மொழி?

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2025இல் வெளியான அறிவிப்பு, 2027 மார்ச் முதல் நாளை அடுத்த கணக்கின் நாளாகக் குறித்தது. அந்தக் கணக்கின் மொழி ஏடு வெளிவரும் நாளிலே, மொத்தத் தொகையைக் கண்டு மலைக்காதீர்; பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பெயர்களைப் படியுங்கள்! படித்ததைக் கிளைதோறும் படிப்பகந்தோறும் சொல்லுங்கள்! பொதுக் களஞ்சியத்திலே சான்றோடு எழுதுங்கள்!

தன் மொழியின் பெயரைச் சொல்லும் உரிமை, பேசுகிறவனுக்கே உரியது. அவன் வாயால் சொன்னதை ஏடும் சொல்லட்டும்!