செம்பனை நிழலில் திமிங்கல வழக்கு

திமிங்கல வேட்டை தொடரலாமா, அடியோடு நிறுத்தப்பட வேண்டுமா என்னும் வழக்கு மனச்சாட்சிக்கும் மரபுக்கும் இடையிலான பூசலாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஜப்பான், நார்வே, ஐஸ்லாந்து ஆகிய மூன்று நாடுகள் தங்கள் முன்னோர் தொழிலென்றும் உணவு உரிமையென்றும் வாதாட, எதிர்த்தரப்பு அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்ட ஓர் உயிரினத்தின் பேரால் வாதாடுகிறது. இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அவ்வளவு திமிங்கலங்களும் எதற்காகக் கொல்லப்பட்டன என்ற எளிய கேள்வி அதில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கான விடை எண்ணெய். எண்ணெயை நடுவில் வைத்து வழக்கைப் படித்தால், திமிங்கலத்தைக் கண்ணால் கண்டிராத மலேசியாவின் கோலசிலாங்கூர் தோட்டப்புறமும் இதில் சம்பந்தப்பட்ட தரப்பாகிவிடும்.

திமிங்கலத்தின் தோலுக்கு அடியில் உடலைப் போர்த்தியிருக்கும் தடித்த கொழுப்பு அடுக்கை வெட்டியெடுத்துக் கொப்பரையில் காய்ச்சினால் கிடைக்கும் எண்ணெய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகாகவும் பயன்பட்டது. மண்ணெண்ணெய் வந்ததும் விளக்குச் சந்தை போய்விட்டதால் வேட்டையும் அத்தோடு ஓய்ந்திருக்க வேண்டும். அதற்கு மறுவாழ்வு கொடுத்தது வேதியியல். 1902-இல் வில்ஹெல்ம் நோர்மன் என்னும் ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற ஹைட்ரஜனேற்றம், அதாவது நிக்கல் துகளின் துணையோடு திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டியான கொழுப்பாக மாற்றும் முறை, வாடை வீசும் திமிங்கல எண்ணெயை ஐரோப்பியத் தொழிலாளர் ரொட்டியில் தடவித் தின்னும் மார்ஜரினாக மாற்றிக் காட்டியது. சவர்க்காரம் செய்கையில் பிரியும் கிளிசரினுக்கு முதல் உலகப் போரின் வெடிமருந்துச் சாலைகளில் இருந்த கிராக்கியும் இதனோடு சேர்ந்துகொண்டது. 1925-இல் பின்புறச் சறுக்குத்தளம் கொண்ட 'லான்சிங்' என்னும் ஆலைக்கப்பல் தென்கடலுக்குப் போனது; கொன்ற விலங்கை நடுக்கடலிலேயே கப்பலுக்குள் இழுத்து அறுத்துக் காய்ச்ச வழி பிறந்ததால், கரையோரத் துறைமுகங்களுக்கு வரிகட்டி அனுமதி கேட்கும் தொல்லையும் வேட்டைக்காரர்களை விட்டு நீங்கியது. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

அதே காலத்தில் இன்னொரு கொழுப்பு கோலசிலாங்கூரில் வேர்விட்டுக்கொண்டிருந்தது. 1905-இல் மலாயாவுக்கு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், சுமத்ராவின் டெலிப் பகுதியிலிருந்து பெல்ஜிய நண்பர் அட்ரியன் ஹாலே வழியாக வந்த ஆப்பிரிக்கச் செம்பனை விதைகளை முதலில் அழகுமரமாகவே நட்டார். பிறகு 1917-இல், பயன் தராத காப்பிச் செடிகளுக்கு மாற்றாக, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கோடு பயிரிட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக வரலாற்று நூல்கள் குறிப்பது இதைத்தான். உலகச் செம்பனை வரலாற்றின் இந்த முக்கியமான இடத்தின் பெயரைக் கேட்கும் எந்தத் தமிழ்க்காதும் முதலில் தென்னையைத்தான் நினைக்கும் என்பது ஒரு சின்ன வேடிக்கை. ஃபோகோனியே எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்துத் தமிழர்கள் அதில் நடமாடுகிறார்கள். அந்த ஆண்டு தொடங்கிய வேட்டைப் பருவத்தில் தென்கடலில் நிகழ்ந்த கொலைக்கணக்கு மேலே சொல்லப்பட்டது. இந்த இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்த்த வாசகர் அன்றைய பாரீசில் யாரும் இருந்திருக்க மாட்டார்.

நினைத்துப் பார்த்தவர்கள் கொள்முதல் அலுவலகங்களில் இருந்தார்கள். ஹைட்ரஜனேற்றம் வந்தபின் எந்தக் கொழுப்பையும் இன்னொரு கொழுப்பின் இடத்தில் வைக்க முடிந்ததால், திமிங்கல எண்ணெய், செம்பனை தரும் பனையெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் ஒரே பேரேட்டின் வரிகளாயின. 1929-இல் பிரிட்டிஷ், டச்சு நிறுவனங்களின் இணைப்பால் உருவான யூனிலீவர், காங்கோவில் பனையெண்ணெய் எடுத்தவாறே நார்வேக் கப்பல்களின் திமிங்கல எண்ணெயையும் பெருமளவில் வாங்கிய நிறுவனம். 1930-31-இன் அளவுமீறிய வேட்டையால் விலை சரிந்து, அடுத்த பருவத்தில் நார்வேக் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே நின்றன. மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

இரண்டு தொழில்களும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை அவற்றின் அளவைகளே காட்டிக்கொடுக்கும். அனைத்துலகத் திமிங்கல ஆணையம் தென்கடலுக்கு ஒதுக்கீடு வகுத்தபோது விலங்குகளை இனவாரியாக எண்ணாமல், 'நீலத் திமிங்கல அலகு' என்ற கணக்கைக் கையாண்டது. ஒரு நீலத் திமிங்கலம் இரண்டு துடுப்புத் திமிங்கலங்களுக்கும், இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கும், ஆறு சேய் திமிங்கலங்களுக்கும் சமம் என்ற இந்த வாய்பாட்டின் அடிப்படை அவை தரும் எண்ணெயின் அளவு ஒன்றே. ஒரு நீலத் திமிங்கலம் ஏறத்தாழ 110 பீப்பாய், அதாவது சுமார் 18 டன் எண்ணெய் தரும் என்று கொண்டால், ஐந்து ஹெக்டேர் செம்பனை இன்று ஓராண்டில் தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டுக்கும் பொதுவான எதிரி நேரம். கொன்ற திமிங்கலத்தை 33 மணி நேரத்துக்கு மேல் கடலில் விடக்கூடாது என்று ஆணையத்தின் விதி சொல்கிறது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையின் நீராவிக் கலனுக்குள் போக வேண்டும் என்பது தோட்டத்தின் விதி. உயிர் போனபின் கொழுப்பு சிதைந்து புளிக்கத் தொடங்கும், புளித்த எண்ணெய்க்கு விலை குறையும் என்ற ஒரே வேதியியல்தான் இரண்டு விதிகளுக்கும் தாய்.

குலை வெட்டு என்பது வெளியார் நினைப்பதுபோல் வெறும் உடல் வலு அன்று. மரத்தடியில் சிந்திக் கிடக்கும் உதிரிப் பழங்களை எண்ணித்தான் மேலே உள்ள குலை பழுத்துவிட்டதா என்று வெட்டுபவர் முடிவு செய்கிறார். ஆளைப்போல் பல மடங்கு உயர்ந்த கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளால் முதலில் தாங்கி நிற்கும் மட்டையை இறக்கி, பிறகு குலையின் காம்பை அண்ணாந்தபடியே இழுத்து அறுக்க, சில வேளைகளில் இருபது கிலோவையும் தாண்டும் முள்நிறைந்த குலை அவர் நின்ற இடத்துக்கு அருகிலேயே வந்து விழும். சிதறும் உதிரிகளில்தான் எண்ணெய் மிகுதி என்பதால் ஒவ்வொன்றையும் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்க்க வேண்டும். அந்த வேலை நெடுங்காலம் பெண்களுடையதாக இருந்தது. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு இனம் கொண்டுவரப்பட்டு மகரந்தச் சேர்க்கையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்வரை, ஆண்பூவின் தாதைச் சேகரித்துப் பெண்பூங்கொத்தின்மீது தூவும் வேலையையும் மனிதக் கைகளே செய்தன.

1946 டிசம்பர் 2-ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அமைந்த ஆணையம், தன் முதல் கால் நூற்றாண்டில் திமிங்கலங்களைக் காத்ததைவிட எண்ணெய்ச் சந்தையைக் காத்ததே அதிகம் என்று சொல்வது மிகையாகாது. அலகுக் கணக்கு பெரிய விலங்கையே முதலில் தேடிக் கொல்லத் தூண்டியதால் நீலத் திமிங்கலம் தீர, துடுப்புத் திமிங்கலத்தின் முறை வந்தது. அதுவும் குறைய, சேய் திமிங்கலத்தின் முறை. சோவியத் கப்பல்கள் கொன்றதில் ஏறத்தாழ 1,80,000 விலங்குகள் கணக்கிலேயே காட்டப்படவில்லை என்பது 1990-களில்தான் வெளிவந்தது. 1966-இல் அரபிக்கடலில் அவை திருட்டுத்தனமாகக் கொன்ற கூன்முதுகுத் திமிங்கலங்களின் கூட்டம் இன்றுவரை தேறவில்லை. வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் தீர்மானம் 1982-இல் நிறைவேறி 1985-86 பருவத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த நூற்றாண்டில் கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கை முப்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நிறுத்தத்துக்கு மக்கள் இயக்கங்களின் குரல் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1960-களிலேயே தென்கடல் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டிருந்தது. அதே பத்தாண்டில் மலேசியா ரப்பரைக் குறைத்துச் செம்பனையைப் பெருக்கத் தொடங்கியிருந்தது. சோயா எண்ணெயும் சந்தையை நிறைத்திருந்தது. ஆக, திமிங்கல எண்ணெய் இல்லாமலேயே ரொட்டியில் தடவ முடிந்த ஓர் உலகம்தான் திமிங்கலத்துக்கு இரங்கத் துணிந்தது.

இந்த வரலாற்றை மனத்தில் இருத்தினால் இன்றைய வாதங்கள் எளிதாக எடை போடப்படும். எண்ணெய்க்குத் தேவை ஒழிந்தபின் எஞ்சியது இறைச்சி மட்டுமே. அறிவியல் ஆய்வு என்ற பெயரில் ஜப்பான் அண்டார்டிக்கில் நடத்திய வேட்டை ஆய்வுக்கானதன்று என அனைத்துலக நீதிமன்றம் 2014 மார்ச் 31-இல் தீர்ப்பளித்தது. ஆணையத்தை விட்டு விலகிய ஜப்பான், 2019 ஜூலை 1 முதல் தன் கடல் எல்லைக்குள் வெளிப்படையாகவே வணிக வேட்டை நடத்துகிறது. வேடத்தைக் கலைத்துவிட்ட இந்த நிலை முந்தையதைவிட நேர்மையானது. தன் கடலின் மீன்வளத்தை ஆளும் உரிமையை அந்நியர் கேள்வி கேட்பதென்ன என்ற அதன் வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் பள்ளி மதிய உணவாகப் பரவிய இறைச்சி இன்று மிகச் சிலரே விரும்பி உண்ணும் பண்டமாகிவிட்ட பிறகு, அதை நாட்டு மரபு என்பது நினைவேக்கத்துக்கு மானியம் கொடுப்பதற்கு ஒப்பாகும். நார்வே 1993 முதல் மிங்கே திமிங்கலங்களை வேட்டையாடுகிறது. எண்ணிக்கையில் குறையாத இனம் என்பதால் அதன் வாதமே மூன்றிலும் வலுவானது. எனினும் அண்மை ஆண்டுகளில் ஒதுக்கீட்டின் பெரும்பகுதியை அந்நாட்டுப் படகுகள் பல முறை பிடிக்காமலே விட்டிருக்கின்றன. ஐஸ்லாந்தில் 2023 ஜூனில் அமைச்சர் ஒருவரே வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தினார். வெடியீட்டி பாய்ந்த துடுப்புத் திமிங்கலங்களில் சில உடனே சாகாமல் இரண்டு மணி நேரம் வரை துடித்ததாக அரசின் கால்நடை அதிகாரிகள் அறிக்கை தந்திருந்ததே காரணம். எண்ணிக்கைபற்றிய சண்டை தீர்ந்தாலும் தீராத கேள்வி, விலங்கின் வேதனைபற்றிய இதுவே. இந்தோனேசியாவின் லெம்பாத்தா தீவில், லாமலேரா ஊரார் மரப்படகின் முனையிலிருந்து கையீட்டியோடு எம்பிக் குதித்துக் குத்தும் எண்ணெய்த் திமிங்கலத்தின் இறைச்சி, மலைவாழ் மக்களின் சோளத்துக்கும் வாழைக்கும் பண்டமாற்றாகும் உணவு. அதை மேற்சொன்ன மூன்று நாடுகளின் வணிகத்தோடு ஒரே தட்டில் வைப்பது முறையாகாது.

மலேசியாவில் இந்த வழக்குக்கு இடமில்லை. 1999-ஆம் ஆண்டு மீன்வள ஒழுங்குவிதிகள் திமிங்கலம், ஓங்கில், ஆவுளியா ஆகியவற்றைப் பிடிப்பதைத் தடைசெய்கின்றன. பாலூட்டிகளான இவையெல்லாம் அந்த விதிகளின் தலைப்பில் 'அருகிவரும் மீன்' என்றே சொல்லப்படுவது சட்டமொழியின் குறும்பு. ஆனால் திமிங்கல எண்ணெயின் இடத்தைப் பிடித்த எண்ணெய்மீதான வழக்கு மலேசியாவைச் சுற்றித்தான் நடக்கிறது, அதில் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறியிருக்கிறார்கள். காட்டழிப்புக்குக் காரணமான பனையெண்ணெய் எரிபொருளை விலக்க 2018 டிசம்பரில் தீர்மானம் போட்டது நார்வேயின் நாடாளுமன்றம். ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வழியே செல்ல, மலேசியா 2021-இல் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. தன் கடலில் திமிங்கலம் குத்தும் நாடு தங்களுக்கு உபதேசிப்பதா என்று கோலாலம்பூரில் கேட்கப்படுவது இயல்பே. ஜப்பானும் நார்வேயும் தங்கள் வேட்டைக்குச் சொல்லும் அதே மறுமொழியை, மாட்டைத் தின்பவன் எங்களைக் கேட்பதா என்பதை, அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பதிலுக்குக் கேட்கும் கேள்வியால் ஆற்றங்கரை காப்பாற்றப்படாது. சிலாங்கூர் ஆற்றில் கம்போங் குவாந்தான் அருகே பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைக் காணப் படகேறும் பயணிகள் பார்ப்பது முதிர்ந்த பூச்சிகளை மட்டுமே. அவற்றின் புழுக்கள் கரைக்கு உட்புறமாக ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. செம்பனை ஆற்றின் விளிம்புவரை நடப்பட்ட இடங்களில் மரத்தை விட்டுவைத்தாலும் புழுவுக்கு வீடில்லை. இந்த எண்ணெயின் மனிதக் கணக்கும் தீராமல் கிடக்கிறது. 2020-இல் கட்டாய உழைப்பைச் சுட்டி அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் இரு பெரும் செம்பனை நிறுவனங்களின் சரக்கைத் தடுத்தது. ஒன்றின் மீதான தடை 2023-இல் நீங்கியது. அதற்கு வெகு முன்பே தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு வெளியேறி, அல்லது வெளியேற்றப்பட்டு, அரிவாள் இந்தோனேசிய, வங்கதேசக் கைகளுக்கு மாறியிருந்தது.

நார்வேயின் சாண்டெஃபியோர் நகரில் திமிங்கல வேட்டைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதைத் திறந்த ஆண்டும் 1917. ஊர் முகப்பில், சீறும் கடலில் திமிங்கல வாலின் மேலெழும் படகும் ஈட்டியோடு நிற்கும் ஆட்களுமாக வெண்கலச் சிலையொன்று நீரூற்றுக்கு நடுவே மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதே 1917-இல் நடவு தொடங்கிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்ட தோட்டங்களில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நின்றுபோன மாரியம்மன் கோயில்கள்தான் அங்கே ஓர் ஊர் இருந்ததைச் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் பட்டணத்திலிருந்து கார்கள் அந்த மண்சாலையில் வந்து சேருகின்றன.